மணல் இல்லாத மணல்பாதை

அந்த ஸ்டேஷனில் அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வெறும் 'மாஸ்டர்'தான். அவள் வந்ததும் ஒரு 'அம்மா'வை ஒட்டவைத்து 'மாஸ்டரம்மா' ஆக்கிவிட்டார்கள். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள், பரீட்சை எழுதிப் பாஸாகி ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலிக்கு வந்தபோது, "பொம்பளை கையில ரயிலா, சரிதான்" என்று வாயைக் கோணியவர்கள் உண்டு. அவள் யாரிடமும் மல்லுக்கட்டவில்லை. காலையில் வருவாள், விளக்குகளும் போன்களும் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பாள், வரும் வண்டிகளை உள்ளே வாங்குவாள், வெளியே அனுப்புவாள். கொஞ்ச நாளில் கோணிய வாய்கள் தானாக நிமிர்ந்துவிட்டன.

தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆட்களுக்குத் தலைவரான மேஸ்திரி மட்டும் முதல் நாளே அவளைத் 'தங்கச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். அதை எடுத்து அவர் ஒரு எழுத்து எழுதி யாரும் பார்த்ததில்லை. ஒலிபெருக்கியில் அவள் பேசும் மெல்லிய குரலைக் கிண்டல் செய்வதென்றால் அவருக்குத் தனி உற்சாகம்.

"தங்கச்சி, நீங்க மைக்ல பேசினா வர்ற வண்டியும் கொட்டாவி விட்டுக்கிட்டே வருது. கொஞ்சம் சத்தமா அதட்டுங்க."

"நீங்க அதட்டுறது போதாதா அண்ணே? உங்க ஆளுங்க வேலைக்கு வர்றதே காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுத்தான்."

ஸ்டேஷன் மலையடிவாரத்தில் இருந்தது. மேலே கல்குவாரி. அங்கிருந்து ஜல்லி ஏற்றிய சரக்கு வண்டிகள் இறக்கத்தில் ஊர்ந்து இறங்கி இவளுடைய ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டேஷனுக்குள் மூன்று பாதைகள். பிளாட்பாரத்தை ஒட்டி ஒன்று, அதற்கடுத்து ஒன்று. மூன்றாவதன் பெயர் மணல்பாதை. மேலிருந்து எந்த வண்டியாவது பிடி தவறி உருண்டு வந்தால் திருப்பி விடுவதற்கென்றே போட்ட முட்டுச்சந்து அது. தண்டவாளம் முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு மணல் குவிந்திருக்கும். உருண்டு வரும் வண்டி அதில் புதைந்து நின்றுவிடும் என்பது கணக்கு.

கணக்கு காகிதத்தில் இருந்தது, மணல்தான் இல்லை. மழை கரைத்தது பாதி, வீடு கட்டுகிறவர்கள் அள்ளிப்போனது பாதி. கேட்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தில் இலாகாவே ஒரு தகரக் கொட்டகையைப் போட்டு, "உங்க சாமான் எல்லாம் இங்க வெச்சுக்குங்க" என்று மேஸ்திரியின் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. கடப்பாரையும் மண்வெட்டியும் அங்கேதான், மதியச் சாப்பாடும் அங்கேதான். மணல்பாதைக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் மோட்டாரும் மழைக்காலத்தில் கருகிப்போயிருந்தது. அவசரம் என்றால் ஓடிப்போய் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி கையால் சுற்ற வேண்டும்.

மாஸ்டரம்மா மேலிடத்துக்குச் சொல்லாமல் இல்லை. போனில் சொன்னாள், ஆய்வுக்கு வந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையை நீட்டியும் காட்டினாள். அவர் வெயிலுக்குக் கையைக் கண்மேல் வைத்துப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல ஒரு வண்டியாவது உருண்டிருக்காம்மா? பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அது நடந்த நாள் நல்ல வெயில். பிளாட்பாரத்தில் பயணிகள் வண்டி நின்றிருந்தது. ஏதோ வேலைக்கான தேர்வு எழுதிவிட்டுத் திரும்பும் கூட்டம், வாசற்படியில்கூட இடமில்லை. அடுத்த பாதையில் பெட்ரோல் டாங்கர்கள். அவை கீழே கிளம்பிப் போய், அந்தப் பாதையில் ஜல்லி வண்டி இறங்கி வந்த பிறகுதான் பயணிகள் வண்டி மலை ஏற முடியும். ஆகவே எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு கொட்டகைக்குப் போவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்துக் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடிவிட்டுப் போனார்.

குவாரியை ஒட்டிய மேல் ஸ்டேஷனிலிருந்து போன் அடித்தது. எடுத்தாள்.

"மாஸ்டரம்மா, வண்டி உருண்டுடுச்சு."

அங்கே வேலை பார்க்கும் மாஸ்டரின் குரல் அது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"எந்த வண்டி?"

"ஜல்லி வண்டி. இன்ஜின் இல்ல. குவாரிக்குள்ள வேற வேலைக்கு வேணும், கழட்டி அனுப்புன்னு கன்ட்ரோல் ஆபீஸ்ல சொன்னாங்க, கழட்டினோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கணும், இருந்ததே ஒரு ஜோடிதான். கைபிரேக் பாதி பெட்டியில பிடிக்கவே இல்ல. மெதுவா நகர்ந்துச்சு, ஓடிப்போய்ப் பாத்தேன்..."

"யாராவது இருக்காங்களா அதுல?"

"யாரும் இல்லம்மா. வருது. உங்ககிட்டதான் வருது."

அவள் போனை வைத்தாளா, கீழே போட்டாளா என்பது பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. தலை மட்டும் விசித்திரமான தெளிவோடு இருந்தது. முதல் பாதையில் ஜனங்கள். இரண்டாவதில் பெட்ரோல். மூன்றாவதில் மேஸ்திரி. இறக்கத்தில் வருகிற வண்டிக்கு இந்த மூன்றைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"கொட்டகையில இருக்கிறவங்க எல்லாரும் வெளியே ஓடுங்க! மேலேருந்து வண்டி உருண்டு வருது! மேஸ்திரிண்ணே, வெளியே வாங்க! ஓடுங்க!"

அந்தக் குரலை அவளே அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த அறையிலிருந்து டிக்கெட் குமாஸ்தா எழுந்து ஓடிவந்தார். மைக்கை அவர் கையில் திணித்தாள். "நிறுத்தாம கத்துங்க. பிளாட்பாரத்து ஜனங்களையும் வண்டியை விட்டு விலகச் சொல்லுங்க." சுவரில் மாட்டியிருந்த இரும்புக் கைப்பிடியை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். இதைச் செய்ய வேண்டிய பாயின்ட்ஸ்மேன் பயணிகள் வண்டியின் மறுகோடியில் நின்றிருந்தார். அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஜல்லிக் கற்கள் செருப்பைப் பிடுங்கின. உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். பாதை பிரியும் இடத்தில் மண்டியிட்டு, மோட்டார்ப் பெட்டியின் மூடியைத் திறந்து கைப்பிடியைச் செருகினாள். முதல் சுற்றுக்கு அசையவே இல்லை. துருவா, அழுக்கா, தெரியவில்லை. உடம்பின் பாரம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். முனகிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. பிறகு இன்னொன்று. தண்டவாளம் மயிரிழை மயிரிழையாகத்தான் நகர்ந்தது.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இதற்கு மணியோசையும் இல்லை. இன்ஜின் இல்லாத வண்டிக்கு ஹாரன் ஏது? வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல் மட்டும் வந்தது. முழங்காலுக்குக் கீழே தரை அதிர ஆரம்பித்தது.

அவள் மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து மணல்பாதை முழுவதும் நேராகத் தெரிந்தது. கொட்டகையிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கையில் சாப்பாட்டோடு ஒருவன் இப்படியும் அப்படியும் பார்த்தான். மேஸ்திரி அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டுத் துரத்தினார். எல்லாரும் வயல் பக்கமாகச் சிதறி ஓடினார்கள். மேஸ்திரியும் ஓடினார். ஓடினவர் சட்டென்று நின்றார். ஓடுகிறவர்களை ஒவ்வொருவராக விரலால் சுட்டிப் பார்ப்பது தெரிந்தது.

சாப்பிட்டதும் கண்ணயர்கிற ஒருவர் அந்தக் குழுவில் உண்டு. வருஷக்கணக்காகத் தண்டவாளத்தில் சம்மட்டி அடித்து அடித்து அவருக்குக் காது மந்தம். 'தூங்குமூஞ்சி' என்றுதான் பெயர். வெளியே வந்தவர்களில் அவர் இல்லை.

மேஸ்திரி திரும்பினார். மாஸ்டரம்மா இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவள் சுற்றிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். பிறகு அவர் கொட்டகைக்குள் போனார்.

அவள் கை நிற்கவில்லை.

'டக்' என்று தண்டவாளம் ஒட்டிப் பூட்டிக்கொண்டது. பின்னால் நகர்ந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கற்களின்மேல் குப்புற விழுந்தாள். மேலே ஒரு புயல் கடந்து போயிற்று. சிதறிய ஜல்லி முதுகில் வந்து விழுந்தது. சக்கரங்கள் தடதடவென்று பாதை மாறும் ஓசை. அது முடிவதற்குள், உலகமே தகரமாகி நொறுங்கியதுபோல் ஒரு சத்தம். அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. பெட்டிமேல் பெட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

எழுந்து பார்த்தபோது கொட்டகையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஜல்லி மலை. அதற்கப்பாலிருந்த மதில் விழுந்து, ரோட்டில் ஒரு பெட்டி மல்லாந்து கிடந்தது. மதிலின் நிழலில் லாரியை நிறுத்திவிட்டு ஒரு டிரைவர் தூங்கியிருக்கிறார், வெளியூர்க்காரர். அவர் அங்கே இருந்தது யாருக்கும் தெரியாது. மாலையில் லாரியை வெட்டி உடலை எடுத்தபோதுதான் தெரிந்தது.

தூங்குமூஞ்சி பிழைத்துக்கொண்டார். கொட்டகையின் பின்பக்கத்து ஓட்டை வழியாக அவரை யாரோ தள்ளியிருக்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்து, வாய்க்காலில் கிடந்தார். மேஸ்திரியை எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

பிளாட்பாரத்தில் பயணிகள் வண்டி ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. பலர் கீழே இறங்கி நின்று அழுதுகொண்டிருந்தார்கள். முட்டியில் ரத்தம் வழிய வெறுங்காலோடு வந்த அவளை நிறுத்தி, கைப்பெட்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இது எப்ப கிளம்பும்?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "தெரியலை, சார்" என்றாள். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து ஸ்டேஷன்களுக்கும் போன் போட்டு வண்டிகளை நிறுத்தினாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். பாயின்ட்ஸ்மேனிடம் டாங்கர்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு பேனாவை எடுத்தாள், அதைப் பிடிக்க விரல்கள் மூடவில்லை. கைப்பிடியைப் பிடித்த அச்சிலேயே இறுகிப்போயிருந்தன.

மறுநாளே அவளை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். விசாரணை முடிகிற வரைக்குமாம். விசாரணை அறையில் நீள மேஜை, மின்விசிறி, மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"கொட்டகையில ஆள் இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் திருப்பினீங்களா?"

"தெரிஞ்சுதான் திருப்பினேன்."

"யார்கிட்டயாவது அனுமதி கேட்டீங்களா?"

"கேட்க நேரம் இருந்திருந்தா, சார், ஆளுங்களைத்தான் முதல்ல வெளியேத்தியிருப்பேன்."

அவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். மணல் எங்கே போனது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் கைநீட்டிக் காட்டியதைச் சொன்னாள். "அது தனி விஷயம், தனியா பாப்போம்" என்றார் ஓரத்தில் இருந்தவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறாள்; ஒரு மணல் மேட்டையே மறைப்பதை அன்றுதான் பார்த்தாள்.

வீட்டில் அவளுடைய கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், எதையும் குடைந்து கேட்கவில்லை. மனைவி தூங்காமல் சமையலறையில் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "நிக்கிறதா இருந்தா உக்காந்துக்கிட்டு நில்லு" என்றார். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேஸ்திரியின் மனைவி வந்தார். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் வேலை பார்க்கிறவர், வேகமாகப் பேசக்கூடியவர். அன்று வாசலில் நின்றே பேசினார்.

"உள்ள வாங்கக்கா."

"உக்கார வரலை. ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க மைக்ல சொன்னது அவருக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று இந்த அம்மாவும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கணவர் உள் அறைக் கதவருகே வந்து நின்றார்.

"கேட்டுச்சுக்கா. வெளியே வந்துட்டாரு. எல்லாரையும் அடிச்சுத் துரத்தினாரு. அவரும் ஓடினாரு. ஒரு ஆள் குறையுதுன்னு தெரிஞ்சதும் திரும்பிப் போனாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். என்னையும் பாத்தாரு."

"அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சுத்திக்கிட்டிருந்தேன்."

"அவரு உள்ள போனதைப் பாத்த பிறகும்?"

"ஆமாக்கா. நிறுத்தலை."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அடிப்பாரோ என்று இவள் நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தாள்.

"அவரு ஓடத் தெரியாம செத்தாருன்னு மச்சினன் சொல்றான்" என்றார் அவர், மெதுவாக. "உடம்பு கனம், ஓட முடியலைன்னு. அது இல்லைல்ல?"

"இல்லக்கா. நல்லாத்தான் ஓடினாரு. வெளியே வந்தாச்சு."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீங்க பண்ணது தப்புன்னு சொல்ல மாட்டேன். பிளாட்பாரத்துல நின்ன வண்டியில என் அக்கா பொண்ணும் இருந்தா. ஆனா அவருக்குப் பதிலா எனக்கு இந்த ஸ்டேஷன்லயே வேலை தர்றாங்களாம். பிளாட்பாரத்துல. தினமும் வந்து உங்க மூஞ்சியப் பாக்க என்னால ஆகாது. வையுறதா நினைக்காதீங்க. ஆகாது, அவ்வளவுதான்."

"புரியுதுக்கா" என்றாள் மாஸ்டரம்மா.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றுதான் விசாரணை முடிந்தது. மேல் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வேலை போயிற்று. இன்ஜினைக் கழட்டச் சொன்னது வாய்மொழி உத்தரவு. சொன்னவர் சொல்லவே இல்லை என்றார். கட்டைகள் ஏன் ஒரு ஜோடி மட்டும் இருந்தன, மோட்டார் ஏன் கருகியே கிடந்தது, பிரேக் பிடிக்காத பெட்டிகளை யார் ஓடவிட்டார்கள் என்பதற்கெல்லாம் 'முறைகள் மேம்படுத்தப்படும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. மணல்பாதையில் மட்டும் லாரி லாரியாக மணல் வந்து இறங்கிற்று. மாஸ்டரம்மாவின்மேல் குற்றமில்லை என்றும், பாராட்டுச் சான்றிதழ் தரப்படும் என்றும் சொன்னார்கள். சான்றிதழ் வேண்டாம், வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல் கொடுங்கள் என்றாள். உடனே கிடைத்தது. அவளைக் கண்முன் வைத்துக்கொள்ள மேலிடத்துக்கும் அவ்வளவு ஆசையில்லை.

கணவர் தன் தேய்ப்புக் கற்களைத் துணியில் சுற்றிக் கட்டினார். "கண்ணு கெட்டவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. எனக்கு வேலை கிடைக்கும்" என்றார்.

புது ஸ்டேஷனும் ஒரு மலையடிவாரம்தான். பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய பழைய மாஸ்டர், ஓய்வு பெறுகிற அவசரத்தில் இருந்தார். சாவிகளை மேஜையில் பரப்பி, "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். கடைசிப் பாதையின் முடிவு வரைக்கும் போனாள். அங்கே மணல் இருந்தது. புல் முளைத்து, வெயிலில் இறுகி, சிமென்ட் திண்டு மாதிரி கிடந்தது. குதிகாலால் உதைத்துப் பார்த்தாள். கால்தான் வலித்தது. இதில் வண்டி புதையாது, மோதி ஏறும்.

திரும்பி வந்து, "மணலைக் கிளறிப் போட்டதும் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

பழைய மாஸ்டர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், கடைசியில் கோபப்பட்டார். கன்ட்ரோலிலிருந்து போன்மேல் போன். பழைய மாஸ்டரின் பொறுப்பு அன்று காலையோடு முடிந்துவிட்டது; அவள் கையெழுத்துப் போடாமல் வண்டிகளை அனுப்ப முடியாது. மேலே ஒரு சரக்கு வண்டியும் கீழே ஒரு பயணிகள் வண்டியும் காத்துக்கிடந்தன. பிளாட்பாரத்தில் ஜனங்கள் அவள் ஜன்னலைத் தட்டினார்கள். "புதுசா வந்து பவர் காட்டுறியா?" என்று ஒருவர் கேட்டார். தன்னைத் திரும்பவும் ஒதுக்கி வைத்தாலும் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

மதியத்துக்குமேல் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே மணலை வெட்டிக் கிளற ஆரம்பித்தார்கள். அவள் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டேஷன் குமாஸ்தா கையில் வயர்லெஸ்ஸோடு ஓடிவந்து நீட்டினார்.

"அம்மா, இப்பவாவது வண்டியை விடலாமா?" என்றது கன்ட்ரோல்.

"வலது பக்கம் இன்னும் இறுகிக் கிடக்கு சார். அது முடியட்டும்" என்றாள்.